பகாரி செல்லர்ஸ்: 22 வயதில் சட்டசபை, முப்பதில் டிவி. வளர்ச்சியா, விலகலா?

கரிசல்காடு:

அமெரிக்கச் செய்தி சேனலான சி.என்.என்.னின் தேர்தல் இரவுகளைப் பார்ப்பவர்களுக்கு பகாரி செல்லர்ஸ் பழகிய முகம். அவர் டிவிக்கு வந்த கதை பலருக்குத் தெரியாது என்பதால் இந்த இழை.

1984இல் பிறந்தவர். தென்கரோலினாவில் டென்மார்க் என்ற சின்ன ஊர்க்காரர். (ஐரோப்பா டென்மார்க் இல்லை. சில ஆயிரம் பேர் வாழும் ரயில்பாதை ஊர்.) அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் மாணவர் தலைவராக இருந்தார். படிப்பு முடிந்த அடுத்த வருஷமே, 2006இல், ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் தாமஸ் ரோட் என்ற பழைய உறுப்பினரை எதிர்த்து நின்றார். ரோட்டுக்கு வயது எண்பதுக்கு மேல், இவருக்கு 21. ஜெயித்தார். நவம்பரில் மாநிலப் பிரதிநிதிகள் அவைக்கு 22 வயதில் போனார். அப்போது நாட்டில் தேர்தலில் வென்ற கறுப்பினத்தவர்களில் மிக இளையவர் என்று எழுதினார்கள்.

உறுப்பினராக இருந்துகொண்டே மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் சட்டம் படித்து 2008இல் முடித்தார். எட்டு வருஷம் 90ஆம் தொகுதி அவர் கையில் இருந்தது. 2014இல் துணை ஆளுநர் பதவிக்கு நின்று ஹென்றி மெக்மாஸ்டரிடம் தோற்றார். அடுத்த வருஷம் சி.என்.என்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது விலகல். உறுதியான தொகுதியை விட்டு, ஜெயிக்க வாய்ப்பே இல்லாத பதவிக்கு நின்று, தோற்றதும் ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார். 2018இல் ஒருமுறை, 2022இல் ஒருமுறை மறுபடி நின்றிருக்கலாம். எதற்கும் நிற்கவில்லை.

இரவுக்கழுகு:

22 வயதில் எம்.எல்.ஏ.வா? நம்மூரில் 25 ஆகவேண்டுமே. அங்கே குறைந்தபட்ச வயது எவ்வளவு?

தேர்தல்கணக்கு:

@இரவுக்கழுகு, தென்கரோலினாவில் பிரதிநிதிகள் அவைக்கு 21, செனட்டுக்கு 25. ஆனால் நம்மூர் எம்.எல்.ஏ. என்று நினைத்துப் பார்க்காதீர்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். அவை வருஷத்தில் முதல் அரையாண்டில் மட்டும்தான் கூடும். சம்பளம் வருஷத்துக்கு 10,400 டாலர், படிகள் தனி. தமிழ்நாட்டில் 2017 முதல் எம்.எல்.ஏ.வுக்கு எல்லாம் சேர்த்து மாதம் 1,05,000 ரூபாய். அமெரிக்க விலைவாசியில் 10,400 டாலரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அங்கே உறுப்பினர்களில் பாதிப்பேர் வக்கீல், ரியல் எஸ்டேட், ஓய்வு பெற்றவர் என்று ஏதோ ஒரு தொழிலோடுதான் வருவார்கள். செல்லர்ஸும் கொலம்பியாவில் ஒரு சட்ட நிறுவனத்தில் வக்கீலாக இருந்தவர்தான்.

இனி கரிசல்காடு சாருக்கு. "ஜெயிக்க வாய்ப்பே இல்லாத பதவி" என்று நீங்களே எழுதிவிட்டு, ஏன் மறுபடி நிற்கவில்லை என்றும் கேட்கிறீர்கள். 2014 எண்களைப் பாருங்கள். செல்லர்ஸ் வாங்கியது சுமார் 41 சதவீதம். அதே நாளில் ஆளுநர் பதவிக்கு நின்ற ஜனநாயகக் கட்சியின் வின்சென்ட் ஷீஹீன் வாங்கியதும் சுமார் 41 சதவீதம். ஷீஹீன் வெள்ளையர், மாநில செனட்டர், ஏற்கெனவே 2010இல் நிக்கி ஹேலியிடம் நெருங்கி வந்து தோற்றவர். இவர் கறுப்பினத்தவர், வயது 30. அப்போது துணை ஆளுநரைத் தனியாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள், 2018இல்தான் ஆளுநரோடு ஒரே சீட்டில் சேர்த்தார்கள். தனித்தனி ஓட்டு, ஆனாலும் ஒரே சதவீதம். மக்கள் ஆளைப் பார்க்கவில்லை, கட்சிப் பெயரைப் பார்த்துக் குத்தினார்கள்.

அந்த மாநிலத்தில் மாநில அளவிலான பதவி எதையும் ஜனநாயகக் கட்சி கடைசியாக ஜெயித்தது 2006இல், கல்விக் கண்காணிப்பாளர் பதவியை. அதற்குப் பிறகு பூஜ்யம். ஜெய்மி ஹாரிசன் 2020இல் லிண்ட்சி கிரகாமை எதிர்த்து 10 கோடி டாலருக்கு மேல் திரட்டி நின்றார். பத்து சதவீதப் புள்ளிகளில் தோற்றார். அவ்வளவு பணம் கொட்டியே அந்தக் கதி.

கரிசல்காடு:

தோற்றாலும் ஹாரிசன் 2021இல் தேசியக் கட்சித் தலைவர் ஆனார். அரசியலில் தோல்விக்கும் ஒரு வட்டி உண்டு. இவர் அதைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

பாமெட்டோ:

சில வருஷமாக இந்த மாநிலத்தில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செல்லர்ஸைப் பற்றிப் பேசும்போது 2006இல் ஆரம்பித்தால் பாதிக் கதை போய்விடும். 1968இல் ஆரம்பிக்க வேண்டும்.

டென்மார்க்கிலிருந்து காரில் அரை மணி தூரத்தில் ஆரஞ்ச்பர்க். அங்கே ஒரு பௌலிங் விளையாட்டுக்கூடம் கறுப்பினத்தவரை உள்ளே விடவில்லை. மாணவர்கள் போராடினார்கள். பிப்ரவரி 8, 1968 இரவு, தென்கரோலினா ஸ்டேட் கல்லூரி வளாகத்தில் நெடுஞ்சாலைப் போலீஸ் சுட்டது. மூன்று இளைஞர்கள் செத்தார்கள். ஒருவன் பள்ளி மாணவன். இருபதுக்கும் மேற்பட்டோர் காயம். பலருக்குக் குண்டு பட்டது முதுகிலும் பக்கவாட்டிலும். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சுடப்பட்ட சம்பவத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்தது இது. கென்ட் ஸ்டேட் தெரிந்த அளவுக்கு இது வெளியே தெரியாது.

காயம்பட்டவர்களில் ஒருவர் கிளீவ்லாண்ட் செல்லர்ஸ். கறுப்பின உரிமைக்காகப் போராடிய எஸ்.என்.சி.சி. மாணவர் இயக்கத்தில் முன்னணியில் இருந்தவர், அதன் தலைவர்களில் ஒருவரான ஸ்டோக்லி கார்மைக்கேலின் நெருங்கிய தோழர். பகாரியின் அப்பா. சுட்ட போலீஸ்காரர்கள் ஒன்பது பேர்மீது வழக்கு நடந்தது, ஒன்பது பேரும் விடுதலை. சம்பவத்துக்காக ஜெயிலுக்குப் போன ஒரே ஆள், குண்டடிபட்ட கிளீவ்லாண்ட்தான். கலவரம் செய்ததாகத் தண்டித்து ஏழு மாதம் உள்ளே வைத்தார்கள். 1993இல்தான் மாநிலம் மன்னிப்பு கொடுத்தது. பகாரிக்கு அப்போது எட்டு வயது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் வியப்பு. அப்பா அதே மாநிலத்துக்குத் திரும்பி வந்து, கொலம்பியாவில் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து, 2008இல் சொந்த ஊர் டென்மார்க்கிலேயே வூர்ஹீஸ் கல்லூரித் தலைவர் ஆனார். அதே நேரத்தில் மகன், அப்பாவைச் சிறைக்கு அனுப்பிய மாநிலத்தின் சட்டசபையில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு வந்துபோன "மாமா"க்கள் யார் என்றால் ஜூலியன் பாண்ட், ஜெஸ்ஸி ஜாக்சன் போன்ற கறுப்பின உரிமைத் தலைவர்கள். 21 வயதுப் பையன் எப்படி எண்பது வயதுக்காரரை எதிர்த்துத் துணிந்து நின்றான் என்று ஆச்சரியப்படுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, நம்மவர்களுக்குப் பிடித்த தகவல். நிக்கி ஹேலி பிறந்தது அதே கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி), பாம்பர்க் ஊரில். அவருடைய அப்பா பஞ்சாபிலிருந்து வந்து பாடம் நடத்திய கல்லூரி எது தெரியுமா? அதே வூர்ஹீஸ். ஹேலியும் செல்லர்ஸும் பிரதிநிதிகள் அவையில் நாலு வருஷம் ஒன்றாக இருந்தவர்கள். ஒரே மூலையிலிருந்து இரண்டு சிறுபான்மைப் பிள்ளைகள், இரண்டு கட்சி. ஒருவர் 38 வயதில் ஆளுநர் தேர்தலில் ஜெயித்து, அப்புறம் ஐ.நா.வுக்குப் போனார். இன்னொருவருக்கு 41 சதவீதம்.

ரிமோட்:

பாமெட்டோ எழுதியதைப் படித்த பிறகு தலைப்பே மாறிவிட்ட மாதிரி இருக்கிறது. வூர்ஹீஸ் விஷயம் எனக்குப் புதுசு. நன்றி.

கரிசல்காடு:

அருமையான பதிவு பாமெட்டோ. ஆனால் நீங்கள் எழுதியது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அப்பா ஜெயிலுக்குப் போயும் ஊருக்குத் திரும்பி வந்தார். மகன் ஒரு தோல்வியிலேயே விட்டுவிட்டார்.

2015ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செல்லர்ஸ் அவையை விட்டு வெளியே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் இமானுவேல் தேவாலயத்தில் பைபிள் வகுப்பில் ஒன்பது பேரை ஒரு நிறவெறியன் சுட்டுக் கொன்றான். செத்தவர்களில் ஒருவர் போதகரும் மாநில செனட்டருமான கிளமென்டா பிங்க்னி. அவரும் 23 வயதில் பிரதிநிதிகள் அவைக்கு வந்தவர், செல்லர்ஸுக்கு முன்னோடி. அவர் இறப்புக்குப் பிறகுதான் சட்டசபை வாசலில் பறந்த, அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் கான்ஃபெடரேட் கொடியை இறக்கும் மசோதா வந்தது. ஜூலை 9 அதிகாலை ஒரு மணிக்கு மேல் பிரதிநிதிகள் அவை ஓட்டெடுத்தது. பத்தாம் தேதி கொடி இறங்கியது.

அந்த மாநிலத்தின் ஒரு தலைமுறையில் நடந்த மிகப் பெரிய ஓட்டெடுப்பு அது. 1968இல் குண்டு வாங்கியவரின் மகன் அந்த அவையில் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தார், அந்த இரவில் மட்டும் இல்லை. வெளியே மைக் முன்னால் நின்றார். இதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

தேர்தல்கணக்கு:

ஓட்டு விவரத்தையும் சேர்த்துப் போட்டிருக்கலாமே சார். 94க்கு 20. மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது, அதைவிட நிறையவே கிடைத்தது. செல்லர்ஸ் உள்ளே இருந்திருந்தால் 95. அவர் விட்டுப்போன 90ஆம் தொகுதியும் காலியாக இல்லை. ஜஸ்டின் பாம்பர்க் வந்தார், அவரும் இளம் வக்கீல். அதே 2015 ஏப்ரலில் நார்த் சார்ல்ஸ்டனில் போலீஸ் சுட்டுக் கொன்ற வால்டர் ஸ்காட்டின் குடும்பத்துக்காக வாதாடியவர். தொகுதி நல்ல கையில்தான் இருந்தது.

ஷீஹீன் 2014 அக்டோபரிலேயே, பிரசாரத்தின் நடுவில், கொடியை இறக்க வேண்டும் என்று சொன்னார். நவம்பரில் தோற்றார். எட்டு மாதத்தில் அவரைத் தோற்கடித்த ஹேலியே அதே கொடியை இறக்கக் கையெழுத்துப் போட்டார். பேசியவனுக்கு ஓட்டு இல்லை, ஓட்டு வாங்கியவருக்குப் பேர். இந்த மாதிரி ஊரில் உள்ளே இருந்துதான் செய்ய வேண்டும் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

ரிமோட்:

நான் இரண்டு பேரிடமும் ஒத்துப்போகவில்லை. நீங்கள் இருவரும் பழைய நாற்காலியைப் பற்றியே பேசுகிறீர்கள். புது நாற்காலியில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

சி.என்.என்.னில் "அரசியல் வர்ணனையாளர்" என்பது செய்தியாளர் பதவி இல்லை. விருந்தினரும் இல்லை. ஒப்பந்தம் போட்டு, சம்பளம் கொடுத்து, மற்ற சேனல்களில் அரசியல் பேசப் போகாதபடி பிடித்துவைப்பார்கள். அவரை எடுப்பதே அவர் ஒரு பக்கம் சாய்ந்தவர் என்பதற்காகத்தான். 2016இல் அந்த சேனலின் நீள மேசை ஞாபகம் இருக்கிறதா? ஆறு பேர், எட்டு பேர் வரிசையாக உட்காருவார்கள். டிரம்ப் பக்கம் பேச ஜெஃப்ரி லார்ட், கேலி மெக்கெனானி. டிரம்பின் பிரசார மேலாளர் வேலை போன கோரி லெவண்டாவ்ஸ்கியை அதே வாரத்தில் எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் கிளின்டனுக்காக செல்லர்ஸ். நெறியாளர் பந்தை இங்கிருந்து அங்கே தட்டுவார். இது விவாதம் என்று எனக்குத் தோன்றவில்லை. பாத்திரங்களுக்கு ஆள் எடுப்பது.

செல்லர்ஸ் 2016இல் கிளின்டனை ஆதரித்தார், 2020 உட்கட்சித் தேர்தலில் (பிரைமரி) கமலா ஹாரிஸை ஆதரித்தார். ஆதரித்துக்கொண்டே திரையில் அந்தப் போட்டியைப் பற்றிக் கருத்தும் சொன்னார். அவர் ஒளிக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும், விதியும் அனுமதிக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடே எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு டானா பிரசீல் விவகாரம் போதும். வர்ணனையாளராக இருந்துகொண்டு, வேட்பாளர்களிடம் கேட்கவிருந்த கேள்விகளை கிளின்டன் தரப்புக்கு முன்கூட்டியே அனுப்பினார் என்று மின்னஞ்சல்கள் வெளியாகி, 2016 அக்டோபரில் சேனல் அவரோடு உறவை முறித்தது. செல்லர்ஸ் அப்படி எதையும் செய்யவில்லை. நான் சொல்வது நாற்காலியைப் பற்றி.

சட்டசபை உறுப்பினர் தப்பாகப் பேசினால் இரண்டு வருஷத்தில் டென்மார்க்காரர்கள் கேள்வி கேட்பார்கள். டிவியில் தப்பாகக் கணித்தால்? மறுநாள் அதே நேரம், அதே மேசை. என் குறை அதுதான்.

இரவுக்கழுகு:

ரிமோட் சொல்வதைக் கேட்டால் நம்மூர் எட்டு மணி விவாதம் கண்முன் வருது. "அரசியல் விமர்சகர்" என்று கீழே போடுவார்கள், எந்தக் கட்சி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே வெளிப்படையாகவாவது ஆதரவாளர் என்று சொல்லி உட்கார வைக்கிறார்கள்.

பாமெட்டோ:

ரிமோட் எழுதியது: «மறுநாள் அதே நேரம், அதே மேசை»

மேசை அதேதான். ஆனால் அந்த மேசையில் என்ன வைத்தார் என்பதையும் பார்ப்போம்.

பாம்பர்க் கவுண்டி மருத்துவமனை 2012இல் மூடப்பட்டது. செல்லர்ஸ் அப்போது உறுப்பினர். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டை விரிவாக்க மாட்டோம் என்பதில் ஹேலி அரசு உறுதியாக இருந்தது. இன்றுவரை மாநிலம் விரிவாக்கவில்லை. எதிர்க்கட்சியின் ஒரு உறுப்பினர் அவையில் எவ்வளவு கத்தினாலும் அது நகராது. பக்கத்து பார்ன்வெல்லிலும் 2016இல் மூடினார்கள். பிரசவ வலி வந்தால் எத்தனை மைல் போக வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

2019 ஜனவரியில் செல்லர்ஸுக்கு இரட்டைக் குழந்தைகள். பிரசவத்துக்குப் பின் மனைவிக்கு ரத்தப்போக்கு, உயிர் போய் வந்தது. பெண் குழந்தைக்குப் பித்தநாளக் கோளாறு. ஒரு வயது முடிவதற்குள் கல்லீரல் மாற்று அறுவை. அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மார்கள் பிரசவத்தில் இறப்பது வெள்ளையரைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகம். இந்தப் புள்ளிவிவரத்தைப் பல பேர் டிவியில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் படித்த, வசதியுள்ள, நல்ல மருத்துவமனைக்குப் போன குடும்பத்திலேயே இப்படி நடந்தது என்று ஒருவர் தன் வீட்டுக் கதையாகச் சொன்னபோது எடுபட்ட அளவுக்கு அந்த எண் எடுபட்டதில்லை. கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்படுவதையும் அதே மூச்சில் பேசினார். 2020இல் வந்த அவருடைய தன்வரலாறும் பெரும்பாலும் அந்தக் கிராமப்புறக் கறுப்பின வாழ்க்கை பற்றித்தான். அமெரிக்க ஊடகத்தில் "கிராமத்தான்" என்றால் வெள்ளைக்கார விவசாயி என்றே காட்டுவார்கள்.

ஊர்த் தண்ணீர் விஷயமும் அப்படித்தான். டென்மார்க் நகராட்சி ஒரு கிணற்றில் பத்து வருஷம், குடிநீருக்கு மத்திய சுற்றுச்சூழல் முகமை ஒப்புதல் தராத ஒரு ரசாயனத்தைக் கலந்து வந்தது. 2018 நவம்பரில் சி.என்.என். விசாரித்து வெளியிட்ட பிறகுதான் நாடே கவனித்தது. செல்லர்ஸ்தான் கொண்டுவந்தார் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஆனால் அந்த ஊரின் பெயர் தெரிந்த ஒருவர் அந்தக் கட்டடத்தில் இருப்பது ஒன்றுமில்லாத விஷயமில்லை.

கடைசியாக, 2020 மே கடைசி வாரம். ஜார்ஜ் ஃபிளாய்டு இறந்த பின் நேரலையில் பேசும்போது அழுதுவிட்டார். என்ன நடிப்பு என்று சிலர் எழுதினார்கள். அப்பாவின் உடம்பில் குண்டுத் தழும்பைப் பார்த்து வளர்ந்தவர் என்று தெரியாதவர்கள்.

கரிசல்காடு:

அழுகையை நான் குறை சொல்லவில்லை. மருத்துவமனை பற்றி நீங்கள் எழுதியது வலிக்கிறது. ஆனால் டிவியில் அவ்வளவு பேசியும் மெடிகெய்ட் விரிந்ததா? இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போ உள்ளே கத்தியதற்கும் வெளியே பேசியதற்கும் என்ன வித்தியாசம்?

தேர்தல்கணக்கு:

சம்பளம் :)

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 10,400 டாலரில் ஏழை வீட்டு இளைஞன் நீடிக்க முடியாது. வக்கீல் தொழில் இல்லையென்றால் செல்லர்ஸும் எட்டு வருஷம் தாங்கியிருக்க மாட்டார்.

பாமெட்டோ:

கரிசல்காடு அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி, என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒரு ஒப்பீடு உண்டு. மேலே ஜூலியன் பாண்ட் பெயரைச் சொன்னேனே, அவர் கதையைப் பாருங்கள்.

பாண்டும் எஸ்.என்.சி.சி.காரர், கிளீவ்லாண்டின் தோழர். 1965இல் 25 வயதில் ஜார்ஜியா பிரதிநிதிகள் அவைக்கு ஜெயித்தார். வியட்நாம் போரை எதிர்த்தார் என்பதற்காக அவை அவரை உள்ளே விடவில்லை. 1966 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லி உட்கார வைத்தது. அப்படிப் போராடி வாங்கிய நாற்காலியில் இரண்டு அவைகளிலும் சேர்த்து இருபது வருஷம் இருந்தார். 1986இல் காங்கிரஸுக்கு நின்று, பழைய தோழர் ஜான் லூயிஸிடம் உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார். அதோடு தேர்தல் அரசியல் முடிந்தது. அடுத்த வருஷம் கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டம் பற்றிய பெரிய டிவி ஆவணத்தொடருக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். இன்று அமெரிக்காவில் நடுவயதுக்காரர்களைக் கேளுங்கள். ஜார்ஜியா செனட்டில் பாண்ட் கொண்டுவந்த ஒரு மசோதாவைச் சொல்லச் சொல்லுங்கள், சொல்ல மாட்டார்கள். குரலைச் சொன்னால் தெரியும். பின்னால் கறுப்பினத்தவர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் தலைவராகவும் பன்னிரண்டு வருஷம் இருந்தார்.

ஆனால் பாண்ட் இருபது வருஷம் கழித்துப் போனார், செல்லர்ஸ் எட்டு வருஷத்தில் போனார். அங்கே வேண்டுமானால் அண்ணன் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

ரிமோட்:

பாண்ட் ஒப்பீடு பாதிதான் பொருந்தும். ஆவணத்தொடருக்குக் குரல் கொடுப்பது வேறு, இரவு ஒன்பது மணிக்கு எதிராளியை மடக்குவது வேறு. முதலாவது நிற்கும். இரண்டாவது மறுநாள் காலையில் போய்விடும். செல்லர்ஸ் தனியாகப் பாட்காஸ்ட் நடத்துகிறாரே, அதில் ஒரு மணி நேரம் ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது அவர் வேறு ஆள். அங்கே மாநில அரசியல் நுணுக்கம் எல்லாம் வருகிறது. மேசையில் அது வருவதற்கு நாற்பது விநாடி போதாது.

இரவுக்கழுகு:

இவ்வளவு பேசினோம், ஒன்று கேட்கிறேன். மாநிலப் பதவி கிடைக்காது சரி. நாடாளுமன்றத்துக்கு நிற்கலாமே? கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருக்கும் தொகுதி இல்லையா அங்கே?

தேர்தல்கணக்கு:

நெடுநாள் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று. ஆறாவது தொகுதி. ஜிம் கிளைபர்ன் 1992இல் ஜெயித்தது, இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. 1890களுக்குப் பிறகு அந்த மாநிலத்திலிருந்து போன முதல் கறுப்பின உறுப்பினர் அவர். 2020 பிப்ரவரியில் பைடன் தள்ளாடிக்கொண்டிருந்தபோது, தென்கரோலினா பிரைமரிக்கு மூன்று நாள் முன்னால் ஆதரவு சொல்லி நிலைமையையே திருப்பியவர். செல்லர்ஸ் மாணவனாக இருந்தபோது அவர் அலுவலகத்தில் வேலை பழகியவர். ஆரஞ்ச்பர்க்கும் டென்மார்க்கும் அந்தத் தொகுதிக்குள்தான்.

கிளைபர்ன் 1940இல் பிறந்தவர். அவரை எதிர்த்துப் பெரிய ஆட்கள் யாரும் நிற்கத் துணிய மாட்டார்கள், நிற்பதும் மரியாதையில்லை. 2006இல் ரோட்டை எதிர்த்து நின்ற பையன் இதில் மட்டும் காத்திருக்கிறார் என்றால் காரணம் அதுதான். அந்த இடம் காலியானால் வரிசையில் ஒரு கூட்டமே நிற்கும். மாநில செனட்டர்கள், கவுண்டித் தலைவர்கள், எல்லோரும் பத்து வருஷமாக உள்ளூரில் கல்யாணம், சாவு என்று போய் வந்தவர்கள். டிவி முகம் அங்கே உதவுமா இடைஞ்சலா என்பது அப்போதுதான் தெரியும். சட்டப்படி தொகுதிக்குள் குடியிருக்கக்கூட வேண்டாம், மாநிலத்தில் இருந்தால் போதும்.

கரிசல்காடு:

நின்றால் நான் அவர் பக்கம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் முதல் கூட்டத்தில் பாம்பர்க்கிலிருந்து ஒரு அம்மா எழுந்து, "ஆஸ்பத்திரி மூடினப்போ நீதானே எங்க ஆளு, அப்புறம் எங்கே போனே?" என்று கேட்பார். நாற்பது விநாடியில் சொல்லிவிட்டு விளம்பர இடைவேளைக்குப் போக முடியாது.